சுவர்மினுக்கியல்: அடுகோடி வாடகை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: பெங்களூரு ஓசூர் சாலையில் பாஷ் வளாகத்தை அடுத்த அடுகோடி. 1951இல் தொடங்கியபோது அந்தக் கம்பெனியின் பெயர் மைக்கோ. பெரியவர்கள் வாயில் இன்றும் மைக்கோதான். ஆய்வுக் காலம்: 11 மாதம். அக்ரிமெண்ட் அவ்வளவுதான். ஆய்வுக் கருவி: ஆய்வாளரின் கறுப்புச் சட்டை.

நூற்பா 1
கூடமும் கூரையும் மங்கல் கொள்ளும்;
அடுக்களை குளியறை மினுக்கம் வேண்டும்;
கதவும் சன்னலும் பளபளக் கும்மே.

உரை: மங்கலென்றது மேட். மினுக்கமென்றது ஷீன், சாட்டின் முதலாயின. பளபளப்பென்றது எனாமல். இவை தம்முள் வேறுபடுதல் எற்றாலெனின், பொடியும் பசையும் கலந்த அளவால் என்க. நிறப்பொடி மிகுந்து பசை குறைந்தால் பொடி துருத்தி நின்று ஒளியைச் சிதறடிக்கும், அது மேட். பசை மிகுந்தால் வழுவழுவென்று தோல் படர்ந்து ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பும். இதை அளக்க 60 பாகைச் சாய்வில் ஒளி பாய்ச்சும் கருவியும் உண்டு. அளவு 10க்குக் கீழென்றால் மங்கல். 70ஐத் தாண்டினால் பளபளப்பு.

அடுப்புக்கு மேலே கடுகு தாளித்த எண்ணெய்ப் புள்ளிகளை ஈரத்துணியால் துடைக்க மினுக்கம் இடங்கொடுக்கும். மேட் சுவரில் துடைத்தால் புள்ளி போய் அவ்விடத்தில் திட்டு வரும்.

தடை: அங்ஙனமாயின் வீடு முழுதும் பளபளப்பே அடிக்கலாமே எனின், அற்றன்று. பட்டி பார்த்தவர் கை எங்கே நடுங்கிற்று என்பதை டியூப்லைட் போட்டதும் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஓதம் ஏறிய சுவரிலோ ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாக எழும்பும். ஜூனில் பிடித்து அக்டோபர் தாண்டியும் மழை பெய்யும் ஊரில் இது சிறிய குற்றமன்று.

நூற்பா 2
பத்து மாதம் அட்வான்ஸ் ஆகும்;
ஒன்றதிற் பெயிண்டிங் எனப்பிடி படுமே.

உரை: இது பெங்களூரில் வழங்கும் விதி. வாடகையில் பத்து மடங்கை முன்பணமாக வாங்குவதும், காலி செய்கையில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கென்று கழிப்பதும் நெடுநாள் வழக்கு. ஆய்வாளர் சுவரில் ஆணியும் அடித்தாரில்லை, ஆயினும் கழிந்தது.

நூற்பா 1 ஏன் களத்தில் செல்லவில்லை என்று, அடுத்த குடித்தனத்துக்காக ரோலர் உருட்டிக்கொண்டிருந்த பெயிண்டரிடம் வினவப்பட்டது. அவர் கூற்று: “ஓனர் எல்லா ரூமுக்கும் ஒரே டிஸ்டெம்பர்னு சொல்லிட்டாரு சார். நல்லதா அடிச்சு என்ன பண்றது? இவங்க காலி பண்ணா எப்படியும் மறுபடி அடிக்கத்தானே போறாங்க.”

ஆய்வு முடிவு: துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் ஒரு மாதம் போகுமாதலால் குடியிருப்பவர் துடைப்பதில்லை. அடுத்த பூச்சுக்கும் அடுத்தவரே பணம் தருவாராதலால் உரிமையாளர் துடைக்கத்தக்க பெயிண்ட் அடிப்பதில்லை. எனவே எந்த அறைக்கு எந்த மினுக்கம் என்ற வினா சொந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியது; ஏனையோர்க்கு அட்வான்ஸே மினுக்கம்.

வாசகர்க்கு ஒரு வார்த்தை: வீடு பார்க்கப் போகையில் கறுப்புச் சட்டை அணிந்து, களைத்தவர்போல் சுவரில் சற்றே சாயுங்கள். முதுகு வெளுத்தால் அது மலிவு டிஸ்டெம்பர். பத்தில் ஒன்று போயிற்று என்று அப்போதே கணக்கெழுதிவிடலாம்.