மூட்டை கட்டும் சாஸ்திரத்தில் கர்த்தா யார்?

கலிபோர்னியாவின் வடபகுதியில், கிங் மலைத்தொடர் செங்குத்தாகச் சமுத்திரத்தில் இறங்குவதைக் கண்டு, அதுவரை கரையோரமாகவே வந்துகொண்டிருந்த ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ‘இதற்குமேல் நம்மால் ஆகாது’ என்று உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிவிட, ‘தொலைந்த கரை’ என்று வழங்கலாகிவிட்ட அப்பிரதேசத்தில், மட்டோல் நதியின் முகத்துவாரம் தொடங்கிக் கருமணற்கரை வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் முதுகில் மூட்டையுடன் நடக்க ஒருவன் திட்டமிடுகையில், உண்மையில் திட்டமிடுபவர் யார் என்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம்.

நடப்பவனே என்பது பூர்வபட்சம். அனுமதிச் சீட்டு வாங்குபவன் அவன். வடமேற்குக் காற்று முதுகில் படும்படி வடக்கேயிருந்து தெற்கே நடப்பதென்று தீர்மானிப்பவனும் அவனே. ஆகையால் கர்த்தா அவன் என்பர். இது பொருந்தாது. வழியில் இரண்டு இடங்களில், ஒவ்வொன்றும் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடல் ஏறும் வேளையில் அலை மலையடிவாரத்தையே தொட்டுவிடுவதால், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பசிபிக் சமுத்திரமுமாக, நடுவே மனிதனுக்கென்று நிலம் யாதொன்றும் எஞ்சுவதில்லை. வற்றமோ நாள்தோறும் சுமார் 50 நிமிஷம் பின்தள்ளிப் போவது. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம். ஆகவே ராகுகாலம் பார்ப்பவரைப் பரிகசிக்கும் பகுத்தறிவாளரும் இங்கே ஓத அட்டவணையை விரித்து, நல்ல நேரம் பார்த்தே காலெடுத்து வைக்கிறார். நாளையும் நேரத்தையும் குறிப்பவன் சந்திரன்.

1951-இல் மூடப்பட்ட புன்டா கோர்டா கலங்கரை விளக்கமும் இவ்வழியில்தான் இருக்கிறது. அது மூட்டைக்குள் அடங்காதாகையால் விட்டுவிடுவோம்.

மூட்டையின் உட்பொருளை நிர்ணயிப்பது கரடி. விதிப்படி சுமந்தே தீரவேண்டிய கரடிப்பேழை என்பது, கவ்வவோ நகத்தால் பிளக்கவோ பிடி கிடைக்காதபடி வழவழவென்று செய்த கெட்டிப் பிளாஸ்டிக் பீப்பாய். சில வகைகளில் மூடியைக் காசு கொண்டு திருகித் திறக்கவேண்டும். கரடிக்குச் சட்டைப்பை இல்லையாதலால் அதனிடம் காசு இராது என்பது இந்த ஏற்பாட்டின் தத்துவ அடிப்படை. இனி, பற்பசை உணவா, அன்றா? மனிதன் அதை விழுங்குவதில்லை, ஆதலால் உணவன்று என்பது ஒரு சாரார் பட்சம். மணமுள்ளது யாவும் உணவே என்பது கரடியின் மதம். பின்னதே சித்தாந்தமாக நிலைபெற்றுவிட்டபடியால், சோப்பும், வெயிலுக்குப் பூசும் களிம்பும், உதட்டுத் தைலமும், தின்று முடித்த பிஸ்கோத்தின் வெற்று உறையுங்கூடப் பேழைக்குள் இடம் கேட்க, மூன்று நாள் ஆகாரம் இரண்டரை நாளாகச் சுருங்குகிறது.

இரவில் அதைக் கூடாரத்துக்கு எட்டச் சமதரையில் வைக்கவேண்டும். சரிவில் வைத்தால், திறக்க முடியாத கரடி உருட்டியாவது விடும். கரையில் தாழ வைத்தால், கரடியின் ஒத்தாசை இல்லாமலே கடல் கொண்டுபோகும். எனவே சந்திரனுடைய அதே அட்டவணையை மறுபடி விரித்து, டார்ச் விளக்கொளியில், பற்பசை ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் பல்கூடத் துலக்காமல், மேட்டுநிலம் தேட வேண்டியதாகிறது.