மண்டபத்துக்கு மேலே ஒரு மச்சான்

கேள்வி: மச்சான் கல்யாணத்தை நானே ட்ரோன் விட்டுப் படமெடுக்கலாமா? லைசென்ஸ் கேட்பார்களா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: மச்சான் காசு தரமாட்டார். அதுவே உங்களுக்குச் சாதகம்! 2021 ட்ரோன் விதிகளின்படி, தொழிலாகச் செய்யாதவரை 2 கிலோ வரையிலான ட்ரோனுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ட்ரோனுக்குப் பதிவு எண் மட்டும் வாங்கிவிடுங்கள்.

ஆனால் உங்கள் ஊர்ப்பெயரைப் பார்த்தால்தான் உதறுகிறது. ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம்! நல்ல நேரம் பார்ப்பதற்கு முன் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் மண்டபம் என்ன நிறம் என்று பாருங்கள். பச்சை என்றால் 400 அடி வரை (விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. தூரத்துக்குள் என்றால் 200 அடி வரை) யாரையும் கேட்க வேண்டாம். மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசே சம்மதிக்க வேண்டும். பெண்வீட்டார் சம்மதம் சுலபமாகக் கிடைத்திருக்கும்.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் தலைக்கு மேல் பறக்கவிடாதீர்கள். மண்டபத்துக்குள்ளும் வேண்டாம். கூரைக்கு அடியில் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் ட்ரோன் நழுவும். தாலி கட்டும் நேரத்தில் விசிறி சுற்றுவது ஐயர் குடுமிக்குப் பக்கத்தில் என்றால், அட்சதை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.