ஆயாவின் தயிர், மகளின் பாட்டில்

கார்த்திகை தீபம் நெருங்கினால் ஆயா ஒரு கிண்ணம் தயிரைத் தனியாக எடுத்துப் புளிக்க வைப்பாள். அதில் இரண்டு கரண்டி பயத்தமாவு, ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள். கிணற்றடியில் என்னை உட்காரவைத்துப் பூசுவாள். மாவு ஓரத்தில் வெளுத்து இழுக்கத் தொடங்கும்போதே தண்ணீரை ஊற்றிவிடுவாள். "தேய்க்காதடி, அதுவா வரும்" என்பாள். வாரம் ஒருமுறைதான். கெஞ்சினாலும் மறுமுறை கிடையாது.

எனக்குப் பொறுமை இல்லை. அக்கா கல்யாணத்துக்குள் சிவந்துவிட வேண்டும். பதினாறு வயதில், எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சர்க்கரையில் தோய்த்துக் கன்னம் இரண்டிலும் அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் சித்ரா பௌர்ணமி. ராத்திரி கூட்டம் தாங்காது என்று காலையிலேயே கிரிவலம் கிளம்பிவிட்டோம். பதினாலு கிலோமீட்டர், தலைக்கு மேலே வெயில். யம லிங்கம் தாண்டும்போது கன்னம் திகுதிகுவென்றது. குபேர லிங்கத்தில் விபூதி பூசக்கூட முகத்தைத் தொட முடியவில்லை. கல்யாண ஃபோட்டோவில் என் கன்னங்களில் தவிட்டு நிறத் திட்டு. மறைய எட்டு மாதம் ஆனது.

எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் இரண்டை ஒட்டியது, தயிருக்கு நாலரை. எலுமிச்சையின் அந்தக் கடும் புளிப்போடு வெயிலும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கினால், நம் நிறத்துத் தோல் மெலனினைக் கொட்டித்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். வெளுக்கத் தேய்த்த இடம்தான் கறுத்தது.

இப்போது என் மகள் மேஜையில் ஒரு சிறிய பாட்டில். திருப்பிப் படித்தேன்: லாக்டிக் ஆசிட், 5 சதவீதம். தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். தயிரில் இருப்பதைவிடக் கூடுதல், ஆனால் அளந்து வைத்தது. செத்த செல்களின் பிடியைத் தளர்த்திவிடும், அவை தாமாக உதிரும். ஆயா சொன்ன "அதுவா வரும்" இதுதான். மீன்செதில் போலத் தடித்த தோலில் இத்தகைய அமிலங்கள் வேலை செய்வதை 1974-லேயே வான் ஸ்காட், யூ என்ற இருவர் எழுதினார்கள். கரும்பில் இருக்கும் கிளைகாலிக் சட்டென்று இறங்கும். பாதாமிலிருந்து வந்த மாண்டெலிக் நிதானம். வீட்டில் எதுவானாலும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஹெச் 3.5-க்குக் கீழே போகக் கூடாது.

முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒருநாள் பார்த்தாள். வாரம் இரண்டு இரவு மட்டும். காலையில் சன்ஸ்கிரீன் போடாமல் வாசல் தாண்டமாட்டாள், கோயிலுக்கானாலும் சரி. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. இவளுக்கும் சிவப்பு வேண்டாம், பரு விட்ட தழும்பு மங்கினால் போதும்.

மலைமேல் தீபம் 11 நாள் எரிந்து முடிந்தது. ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய தீபக் கொப்பரை மை கொஞ்சம் கிடைத்தது. ஒரு மாதமாகத் தெளிந்துவரும் நெற்றியை என் பக்கம் நீட்டினாள்.

"நல்லா பெருசா வைம்மா."