யூரியாவுக்கு ஈரம் போடும் உத்தரவு

கேள்வி: பக்கத்து வயலுக்குப் போன அதே யூரியாதான் என் வயலுக்கும் போனது. அவர் பயிர் கரும்பச்சை, என் பயிர் மஞ்சள். உரக்கடைக்காரர் கலப்படம் செய்திருப்பாரோ? (ஆலங்குடி வாசகர்)

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், அவர் மூட்டையைத்தான் விற்கிறார், ஈரத்தை விற்கவில்லை. 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தழைச்சத்து இருக்கிறது. அது பயிருக்குப் போவதா, காற்றுக்குப் போவதா, கிணற்றுக்குப் போவதா என்று உத்தரவு போடுவது மண்ணின் ஈரம். லேசான ஈரத்தின் மேல் தூவிவிட்டு மழையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை என்றால் யூரியா அம்மோனியாவாகிப் பறந்துவிடும். மண்ணின் இண்டு இடுக்குகளில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தண்ணீரும் மீதி காற்றுமாக இருந்தால், யூரியாவிலிருந்து வரும் அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக நைட்ரேட்டாக மாற்றும். தண்ணீர் இன்னும் ஏறிக் காற்று தீர்ந்துவிட்டால், மூச்சுக்கு ஆக்சிஜன் தேடும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் அதே நைட்ரேட்டை உடைத்து வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வல்லது. உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இன்னொரு வழியும் உண்டு: நைட்ரேட் மண்ணோடு ஒட்டாது, தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதே, யூரியா முழுக்க வீண்தானா? காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேறு சொல்கிறார்கள்! (அறந்தாங்கி வாசகர்)

பதில்: நல்ல மடக்கு. ஆனால் நின்ற நீர் தனியாகக் குற்றவாளி அல்ல. சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறாமல் களிமண்ணைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும். ஆபத்து மாற்றத்தில்தான்: கால்வாயில் முறை தவறி வயல் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்தால் நைட்ரேட் சேரும், மறுபடி நீர் கட்டியதும் அது வாயுவாகும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது வெடிக்கவிடச் சொல்லும் யோசனை அல்ல. நின்ற நீர் வடிந்ததும் மீண்டும் பாய்ச்சுவது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு. நிற்கும் நீரின் மேல் யூரியாவை வீசுவதுதான் உண்மையான தருமம், காற்றுக்கு! பகலில் பாசி வளர்ந்து நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், அம்மோனியா கிளம்பிவிடும். நீரை வடித்து, மேலுரம் போட்டு, மண்ணில் கலந்து, பிறகு நீர் கட்டுங்கள்.

கேள்வி: எங்களுடையது வானம் பார்த்த பூமி. முதல் மழையோடு யூரியா போட்டுவிடலாமா? (திருமயம் வாசகர்)

பதில்: முதல் மழை தானே கொஞ்சம் தழைச்சத்தைக் கொண்டுவந்துவிடும். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து, மட்கை உடைத்துத் தழைச்சத்தை வெளியேவிடும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்த பர்ச் என்பவரின் பெயரையே இந்த விளைவுக்கு வைத்திருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள வேர் இல்லையென்றால் அந்த இலவசமும் அடுத்த பெருமழையில் இறங்கிப் போகும். ஆகவே யூரியாவுக்கு முன் விதை. தைலமரத் தோப்பை வெட்டிப் பயிரிட்ட நிலமானால் கூடுதல் சிக்கல்: மட்காத சருகில் கார்பன் மிகுதி, தழைச்சத்து சொற்பம், அதை மட்கச் செய்ய நுண்ணுயிர்களே மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்து வைத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். உளுந்து போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். உங்கள் மாவட்டத்து வம்பனில் பயறுவகை ஆராய்ச்சிக்கென்றே மையம் இருக்கிறது, அங்கிருந்து வந்த ரகங்களும் உண்டு. ஆனாலும் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு, வறட்சியில் சீக்கிரமே வேலையைக் குறைத்துவிடும். முடிச்சு பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு மணியோடு வீட்டுக்கு வந்துவிடும். செடியையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டால், எருவைத் திருப்பி வயலில் சேருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பயிருக்கு மிஞ்சுவது சொற்பமே.