செண்பகத்தோப்புக்கு அணிவகுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அதற்கு எங்கள் ராஜபாளையத்து நண்பர்கள் மூன்று வாரம் திட்டமிட்டார்கள். பொறுப்பு என்றால் அதுதான்.

பன்னிரண்டு கார்கள். வெள்ளத்தில் இன்ஜின் மூச்சுவிட ஒவ்வொன்றிலும் கூரைவரை ஒரு குழாய். ஓடையில் தண்ணீர் என்னவோ கணுக்கால் அளவுதான். ஆனால் எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்கள் கூட்டத்து அண்ணாச்சி கறார். 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்த கறுப்பு ஃபிலிமை உரித்தார்கள். 2017-இல் மத்திய அரசு தடுத்த முன்பக்கக் கம்பியைக் கழற்றினார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்த கையோடு அகலச் சக்கரம், அலறும் சைலன்சர், கடைசியில் அந்தக் குழாயும் போனது. ஷோரூமிலிருந்து வந்த அதே கோலத்துக்குக் கார் திரும்ப, மாட்டக் கொடுத்த கூலியில் பாதிதான் கேட்டார் மெக்கானிக். தங்கமான மனுஷன்.

அந்தச் சட்டம் பிறந்த அதே 1988-இல் பிறந்தது செண்பகத்தோப்புக் காடு அடங்கிய சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். வனத்துறை செக்போஸ்ட்டோடு வண்டி நின்றுவிட வேண்டும்; காட்டுக்குள் இருக்கும் காட்டழகர் கோயிலுக்கு நடைதான். பன்னிரண்டு கார்களும் மாமர நிழலில் ஒழுங்காக நின்றன. நூறடி நடப்பதற்குள் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கைவைத்து நின்றார்.

“அந்தக் குழாயைக் கழற்றியிருக்கக் கூடாதுப்பா.”