ஒன்றேகால் அங்குல வாசல்

சிட்டுக்குருவிக்குக் கூட்டுப்பெட்டி மாட்ட ஒரு ஆணியும் சுத்தியலும் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் அப்பாவோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி வந்த அன்றைக்கே பரணிலிருந்து திசைகாட்டியும் டேப்பும் இறங்கிவிட்டன. வீட்டைச் சுற்றி அவர் அளந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்து மனைக்காரர் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

தச்சர் வேலையில் குறை சொல்ல முடியாது. வாசல் துளை கச்சிதமாக ஒன்றேகால் அங்குலம், மில்லிமீட்டரில் 32. இதைவிடப் பெரிதாக விட்டால் மைனா உரிமை கொண்டாட வந்துவிடும். ஆனால் துளைக்குக் கீழே ஒரு குச்சியை நட்டிருந்தார். "குருவி உட்கார வேணாமா சார்?" வேண்டாம். குருவி துளையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அப்படியே உள்ளே போய்விடும். குச்சியில் சௌகரியமாக உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கப்போவது காக்கைதான். தச்சர் மனசே இல்லாமல் அதைப் பிடுங்கினார். திண்ணை இல்லாத வீடு அவருக்கு வீடே இல்லை.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினம். 2010இல் இருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு வாங்கிவந்த பெட்டி பல வீடுகளில் இன்னும் ஷோகேஸில் இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை, குடும்பம். எங்கே மாட்டுவது என்று நாலு பேரைக் கேட்டால் தெரியும்.

அம்மாவுக்கு அடுக்களை ஜன்னல் ஓரம் வேண்டும், அங்கிருந்தே நொய் போடலாம் என்று. பந்தி நடக்கிற இடத்தில் பிரசவம் பார்க்க முடியுமா? இரை போடும் இடத்தில் எல்லாப் பறவையும் வந்து சண்டை போடும். கூடு தள்ளித்தான் இருக்க வேண்டும். தவிர, குஞ்சுக்குக் கொடுப்பது பெரும்பாலும் புழு பூச்சி. பொன்னி அரிசி நொய்யானாலும் செல்லாது.

மகள் கொய்யா மரத்தைக் காட்டினாள். அது அணில்களின் ராஜ்ஜியம். பெட்டியை மாட்டினால் தேங்காய் நாரை அடைத்து அவையே குடியேறிவிடும். குருவிக்கு எப்போதும் மனிதன் கட்டிய சுவர்தான் பிடிக்கும். ஓட்டு இடுக்கு, உத்தரம், தாத்தா படத்தின் பின்பக்கம் என்று வாழ்ந்த பிறவி. இப்போதைய கான்கிரீட் சுவரில் இடுக்கு இல்லாததால்தான் பெட்டியே தேவைப்படுகிறது. தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும். தேன்சிட்டு துணிக்கொடியிலேயே பை மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டுவிடும், என் மனைவியின் சம்மதம் கேட்காமல். அவள் போட்ட ஒரே நிபந்தனை, "கொடிக்கு மேல மட்டும் வேண்டாம்." அதிலேயே பாதி வீடு அடிபட்டுப் போயிற்று.

அப்பா ஈசானிய மூலையில் நின்றார். இங்கிலாந்தில் பறவைகளுக்கென்றே உள்ள ராயல் சங்கம் பெட்டியின் முகம் வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே இருக்கட்டும் என்கிறது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட, "வெள்ளைக்காரனே வாஸ்து பாக்கறான், உனக்கென்னடா?" என்றார். அவர்கள் அப்படிச் சொல்வது உச்சி வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் பயந்து. நமக்கோ ஐப்பசி கார்த்திகையில் மழை அடிப்பதே வடகிழக்கிலிருந்துதான். ஈசானியத்தில் திறந்தவெளியில் மாட்டினால் குருவி நீச்சல் பழக வேண்டியதுதான்.

கடைசியில் போர்டிகோ சுவரில், கூரைக்குக் கீழே ஒன்பதடி உயரத்தில் மாட்டினோம். மேற்கு வெயில் படாது, சாரல் வராது, பூனைக்குக் கால் வைக்கப் பிடிமானம் கிடையாது. அப்பா தன் நோட்டில் "ஈசானியத்துக்குத் தெற்கே பதினோரு அடி" என்று எழுதிக்கொண்டார்.

முதலில் கழுத்துக்குக் கீழே கறுப்புத் திட்டோடு ஆண் வந்தது. இடம் பிடிப்பது அதன் வேலை. பிடித்துவிட்டு, துளை வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தியது. ஒருவழியாகப் பெண் வந்தது. உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி போனது, ஒரு வைக்கோலோடு திரும்பியது. "பாருங்க, யாரும் டேப் எடுக்கலை" என்றாள் என் மனைவி.

குஞ்சு பொரித்த பிறகுதான் மாடியில் குடியிருப்பவர் இறங்கிவந்தார். குருவிக்குச் சுத்தம் அதிகம். குஞ்சு எச்சமிட்டால் அது வெள்ளைச் சவ்வுக்குள் பொட்டலமாக வரும். தாயோ தகப்பனோ அதை அலகில் கவ்விக்கொண்டு பறந்துபோய்த் தள்ளிப் போட்டுவிடும். மாடிக்காரரின் கார் நிற்பதும் அந்தத் 'தள்ளி'யில்தான்.

"பெட்டியைக் கொஞ்சம் இடம் மாத்தக் கூடாதா சார்?"

"குஞ்சு இருக்கறப்ப கை வைக்கக் கூடாதுங்க. 2020ல சிவகங்கைப் பக்கம் பொத்தகுடியில தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பறவை கூடு கட்டிடுச்சு. ஊரே ஒரு மாசத்துக்கு மேல இருட்டுல இருந்தது. நீங்க காரை ஆறடி நகர்த்தினா போதும். பதினஞ்சே நாள்."

சொல்லிவிட்டு அப்பா டேப்பை இழுத்து, ஆறடி அளந்து, சாக்பீஸால் கோடும் போட்டுக் கொடுத்தார். மாடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறினார்.

"அப்பா, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை முட்டை வைக்குமே."

"மெதுவாப் பேசுடா. குருவி கூட்டமாத்தான் இருக்குமாம். தச்சர்கிட்ட இன்னும் ரெண்டு பெட்டிக்குச் சொல்லியிருக்கேன்."