நுரைக்குள் ஒரு சேமிப்புக் கணக்கு

கேள்வி: கழிவுநீர் பாக்டீரியாவிலிருந்து டீசல் எடுக்கலாமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். லக்சம்பர்க் நாட்டின் ஷிஃப்லாஞ்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், குளிர்காலம் வந்தால் தொட்டியின்மேல் நுரை திரளும். மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா என்ற நூல் போன்ற பாக்டீரியாவின் கைங்கரியம் அது. சமையலறையிலிருந்து நாம் கழுவி விடும் எண்ணெய்ப் பிசுக்கை விழுங்கி, கொழுப்பாக உடம்பில் பதுக்கிக்கொள்ளும். (நமக்கு அது தொப்பை, அதற்குச் சேமிப்பு.) அந்தக் கொழுப்பைப் பிரித்து மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் பயோடீசல், கொசுறாகக் கிளிசரின். லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தினர் இந்த நுரையைத்தான் அள்ளி வந்து ஆராய்ந்தார்கள். ஒரே சங்கடம், இப்படி அள்ளும் நுரைச் சேற்றில் பெரும்பங்கு தண்ணீர். அதை உலர்த்தவே ஏகப்பட்ட எரிபொருள் வேண்டும்! எனவே சாக்கடைக்கு வாளியோடு கிளம்பிவிடாதீர்கள். இப்போதைக்குப் பெட்ரோல் பங்க்குக்குப் பர்ஸோடு போங்கள்.